பிரிட்டில் டயபடீஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

நோயாளிக் கையேட்டு வரைவில், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் 'பிரிட்டில் டயபடீஸ்' என்பதற்கு 'நொறுங்கு நீரிழிவு' என்று இருக்கிறது. படிப்பவர் எலும்பு நோய் என்றே நினைப்பார். 'கடும் நீரிழிவு' என்று மாற்றிவிடலாமா?

மறுமடல்:

'கடும்' வேண்டாம் ஐயா. அதைத் தாழ்சர்க்கரைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் முதல் நிலை, 54க்குக் கீழே இரண்டாம் நிலை. தானாகச் சமாளிக்க முடியாமல் இன்னொருவர் உதவி தேவைப்பட்டால் அது மூன்றாம் நிலை, அதாவது கடும் தாழ்சர்க்கரை. அதற்கு எண் கிடையாது.

இன்னொன்று, நம் மக்கள் நோயின் கடுமையை மருந்தை வைத்தே அளக்கிறார்கள்: 'பார்டர்ல இருக்கு', 'மாத்திரையில ஓடுது', 'ஊசிக்குப் போயாச்சு'. முதல் வகை நீரிழிவுக்குத் தொடக்கத்திலிருந்தே இன்சுலின்தான். அதனால் முற்றிவிட்டது என்றாகிவிடுமா?

நாம் சொல்ல வருவது ஏற்ற இறக்கத்தை. எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7 என்றால் சராசரி சுமார் 154 மி.கி. ஒருவருக்கு 110க்கும் 190க்கும் நடுவில் நின்று அந்த 7 வரும். இன்னொருவருக்கு விடிகாலையில் 50, டிபனுக்குப் பிறகு 300 என்று ஆடியும் அதே 7 வரலாம். தோலில் ஒட்டிச் சர்க்கரையை இடைவிடாமல் அளக்கும் தொடர் குளுக்கோஸ் உணரி போட்டால்தான் ஆட்டம் பிடிபடும். அதன் அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் நியமவிலகலைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 36ஐத் தாண்டினால் நிலையற்றது. சராசரி 154, விலகல் 62 என்றால் 40 வருகிறது.

என் பரிந்துரை: தளும்பு நீரிழிவு.

மறுமடல்:

தளும்புவதில் இறக்கம் தெரியவில்லையே அம்மா, ஆபத்தே அதில்தானே! (குறைகுடம்தான் தளும்பும் என்று யாராவது கிளம்பவும் கூடும்.) 'நிலையா நீரிழிவு' என்றால் பேச்சுக் காதுக்கு 'நிலையாக' என்று நேரெதிராக விழும். 'அலைவு' இயற்பியலில் ஊசலின் சீரான அசைவுக்குப் போய்விட்டது. இங்கே சீரே இல்லை. 'அலைபாய் நீரிழிவு' என்று வினைத்தொகையாக வைக்கலாம். நோயாளியிடம் பேசும்போது 'அலைபாயும் சர்க்கரை'.

மறுமடல்:

'அலைபாய்' எனக்குச் சம்மதம். ஆனால் மனம்தான் அலைபாயும் என்பது நம் வழக்கு. நோயாளி ஒழுங்காக இல்லை என்ற பழி ஒட்டிக்கொள்ளும். எனவே விளக்கத்தில், இந்தப் பெயரைச் சூட்டுமுன் பார்க்க வேண்டியவற்றையும் சேர்க்க வேண்டும்.

முதலில் ஊசி போடும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டி தடித்திருந்தால் இன்சுலின் ஒருநாள் மெதுவாக, ஒருநாள் வேகமாக உறிஞ்சப்படும். அந்த இடத்தை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுத்தான். இல்லாவிட்டால் சட்டென்று லோ ஆகும்.

அடுத்தது சிரிஞ்சு. மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 4தான் போகும். வீட்டில் இரண்டும் கிடந்தால் சர்க்கரை அலைபாயாமல் என்ன செய்யும்?

இரைப்பை மந்தமும் உண்டு. சோறு இறங்கத் தாமதமானால் இன்சுலின் முந்திக்கொள்ளும்: சாப்பிட்டதும் லோ, பல மணி நேரம் கழித்து ஹை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு ஆட்டம் நீடித்தால்தான் 'அலைபாய் நீரிழிவு' என்று பதிவில் எழுதுகிறேன். 'அலைபாய் நோயாளி' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.