கலைச்சொல்: ‘டிரம் மேப்’ – கொட்டொலி அட்டவணை?

வணக்கம்.

இசைக்குறியீட்டு மென்பொருளைத் தமிழாக்கும் வேலை ‘டிரம் மேப்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. தாளக்கருவியின் ஒவ்வொரு ஒலிக்கும் எண், பெயர், எழுதும் இடம் ஆகியவற்றைக் காட்டும் அட்டவணை அது. முழவு வரைபடம், தாளக்கருவி நிரல், அடியொலி அட்டவணை என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்றுமே சரிவராது என்பது என் கருத்து.

மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளில் அந்த அட்டவணையின் ஒரு வரியைப் பாருங்கள்: எண் 38, பெயர் ஸ்னேர் (ஒருவகை மேளம்), கோடு 3, குறியின் தலை சாதாரணம், தண்டு மேல்நோக்கி. ஐந்து கோடுகளும் அவற்றின் இடைவெளிகளும் மேலிருந்து எண்ணப்படுகின்றன. மேற்கோடு 0, கீழ்க்கோடு 8. ஆகவே 3 என்பது மேலிருந்து இரண்டாம் இடைவெளி. கண்ணுக்குத் தெரிவது கோடும் தலையும். ஒலிக்கும் பகுதிக்குப் போவது 38 என்ற எண் மட்டும். மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளுக்கு இசையை எண்களாக அனுப்பும் முறை. அதற்கான பொது ஒலி வரிசையாக 1991 இல் வந்த ஜெனரல் மிடி, 10 ஆம் சனலை (தடத்தை) தாளக்கருவிகளுக்கு ஒதுக்கி, 35 முதல் 81 வரை 47 ஒலிகளை வரிசைப்படுத்தியது. அந்தச் சனலில் எண் சுரத்தைச் சொல்லாது, எந்தக் கொட்டு என்று சொல்லும். மூடிய ஹை-ஹெட் (மிதியால் மூடித் திறக்கும் இணைச் சிம்பல்) 42, மிதியால் மூடுவது 44, திறந்தது 46. கருவி ஒன்று, வரிகள் மூன்று. எனவே பெயர் கருவியைச் சுட்டக்கூடாது, கொட்டைச் சுட்டவேண்டும்.

‘முழவு’ என்றால் தோற்கருவி. முக்கோணமும் சிம்பலும் அதற்குள் வரா. ‘நிரல்’ கணினியில் ஏற்கெனவே வேறு பொருளில் ஊறிவிட்டது. ‘அடியொலி’யைப் பார்த்தவுடன் கீழ்த்தாயி ஒலி என்றுதான் எவரும் நினைப்பார். மிஞ்சுவது ‘கொட்டு’. கொட்டொலி அட்டவணை, அதன் எண் கொட்டொலி எண், 10 ஆம் சனல் கொட்டொலிச் சனல்.

சொல் சரியாக இருந்தால் பிழையைக் கண்டுபிடிப்பதும் இலகு. பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவுக்கு எழுதுபவர்கள் அடிக்கடி கேட்பது, “தாளக்கருவிச் சாவி போட்டும் பியானோதான் கேட்கிறது, ஏன்?” என்று. சாவி (கிளெஃப்) என்பது வரியின் தொடக்கத்தில் போடும் வெறும் அடையாளம். கருவியையே தாளக்கருவியாக மாற்றினால்தான் கொட்டொலி அட்டவணை இயங்கும்.

இன்னொன்று, மென்பொருள்களுக்கிடையே இசைக்குறியீட்டைப் பரிமாறும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பில் கொட்டொலி எண்ணை 1 முதல் 128 வரை எண்ணுகிறார்கள்; மிடியில் 0 முதல் 127 வரை. ஸ்னேர் அங்கே 39 என்று எழுதப்படும். திறக்கும் மென்பொருள் ஒன்றைக் கழிக்க மறந்தால் ஸ்னேர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கைதட்டல் கேட்கும், ஏனெனில் மிடியில் 39 கைதட்டல். எல்லாக் கொட்டும் ஓர் எண் தள்ளி ஒலித்தால் முதலில் இதைப் பாருங்கள். 12 தள்ளி ஒலித்தால் காரணம் வேறு: 60 ஆம் எண்ணைச் சிலர் சி4 என்கிறார்கள், சிலர் சி3 என்கிறார்கள். எழுத்துப் பெயரைப் பார்த்து அட்டவணை நிரப்பினால் ஸ்னேர் 50 க்குப் போய் உயர் டொம் என்ற வேறு மேளம் ஆகிவிடும். அட்டவணையில் எப்போதும் எண்ணையே எழுதுங்கள்.

—

வணக்கம் சேர்.

‘கொட்டொலி அட்டவணை’க்கு என் வாக்கு. ஆனால் ‘அன்பிட்ச்ட்’ என்பதற்குப் பட்டியலில் ‘சுருதியற்ற’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை யாழ்ப்பாணத்தில் எந்த மிருதங்க ஆசிரியரும் ஏற்கமாட்டார். வலந்தலையை (மிருதங்கத்தின் வலப்பக்கத்தை) சுருதி சேர்க்காமல் யார் மேடையில் உட்காருவார்? மென்பொருள் சொல்ல வருவது, கோட்டில் குறி இருக்கும் இடம் சுரத்தைக் காட்டாது என்பதைத்தான். ‘சுரஞ்சுட்டா’ என்று வைப்போம். சுரஞ்சுட்டாக் கருவி, சுரஞ்சுட்டாக் குறி. கொஞ்சம் பழைய வாடை அடித்தாலும் பொருள் பிசகாது.

இது வெறும் சொற்சண்டை இல்லை. ஜெனரல் மிடியின் 47 ஒலிகளில் மிருதங்கமும் இல்லை, தவிலும் இல்லை. கொங்கா என்ற மேளத்தின் எண்களை வைத்து ஒப்பேற்றுவதை விட, ‘தொம்’, ‘நம்’ போன்ற மிருதங்கச் சொற்களைப் பதிவுசெய்து சொந்தமாக சவுண்ட்பொன்ட் கோப்பு (மென்பொருள் ஒலிக்கப் பயன்படுத்தும் ஒலித்தொகுப்பு) செய்வது நல்லது. தொகுதியைக் கோப்பின் 128 ஆம் வங்கியில் (ஒலிகளை அடுக்கும் பிரிவில்) வையுங்கள், தாளக்கருவி அங்கேதான் தேடப்படும். ஒவ்வொரு ஒலிக்கும் கீழெல்லை, மேலெல்லை, மூலவிசை (ஒலி இயல்பான சுருதியில் கேட்கும் விசை) மூன்றும் ஒரே எண்ணாக இருக்கட்டும். எல்லையை அகலமாக விட்டால் அடுத்த விசையிலும் அதே ‘நம்’ அரைச்சுரம் ஏறிக் கேட்கும்.

அடுத்தது தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கம். ‘தொம்’ திறந்து ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ‘தா’ விழுந்தால் உண்மைக் கருவியில் தோல் அடங்கிவிடும். கணினியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கேட்டு, வாசிப்பு குழம்பும். சவுண்ட்பொன்ட்டில் இரண்டுக்கும் ஒரே விலக்கு வகுப்பு எண் கொடுத்தால் புதியது பழையதை வெட்டும். திறந்த ஹை-ஹெட்டை மூடியது வெட்டுவதும் இதே வழியில்தான்.

சுருதி பற்றி ஒன்று. பாட்டை ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு மாற்றினால் வாய்ப்பாட்டு வரி சி யிலிருந்து டி க்கு ஏறும், சுரஞ்சுட்டா வரி அசையாது. மிருதங்கம் பழைய சுருதியிலேயே நின்று பாடகருடன் மோதும். குறிகளை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொட்டொலி எண் மாறி வேறு சொல் வந்துவிடும். சவுண்ட்பொன்ட்டில் ‘நம்’, ‘சாப்பு’ போலச் சுருதி தெளிவாகக் கேட்கும் ஒலிகளை மட்டும் 200 சென்ட், அதாவது இரண்டு அரைச்சுரம், உயர்த்துங்கள்.

—

தங்கச்சி சொன்ன ‘சுரஞ்சுட்டா’ மிக நன்று. ‘சுருதியற்ற’வை நீக்கிவிட்டேன்.

மரக்காஸ் போலக் குலுக்கும் கருவியைக் கொட்டு என்று சொல்லலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஜெனரல் மிடியில் அது 70 ஆம் எண். அட்டவணையில் அதற்கும் ஒரு வரிதான். ‘கொட்டு’ என்பதை ‘ஒருதடவை எழுப்பும் ஒலி’ என்று விளக்கக் குறிப்பில் விரித்துக்கொள்வோம். குலுக்கலுக்கெனத் தனிச்சொல் ஆக்கினால் உரசும் குய்ரோவுக்கும் இன்னொன்று தேட வேண்டிவரும்.

‘சொற்கட்டு’ என்ற சொல்லை இடைமுகத்தில் எங்கும் பாவிக்கவேண்டாம். அது கோவையாக வருவது; அட்டவணையின் ஒரு வரி தனிச்சொல். பெயருக்கான இடத்தில் ‘தா’, ‘தீ’, ‘தொம்’, ‘நம்’ என்று தனித்தனியே நிரப்பினால் மாணவர் குறியைத் தொட்டவுடன் சொல்லும் அதன் எண்ணும் ஒன்றாகத் தெரியும்.