மோட்டார் ஓடும்போது மட்டும் சொதப்பும் தூர சென்சார்

அண்ணன் மகளோடு சேர்ந்து ரோபோ கிட் ஒன்றைப் பூட்டினேன். தடை வந்தால் திரும்பிப் போகிற வண்டி. எச்.சி.எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார். மேசையில் வைத்தால் தூரம் சரியாக வருகிறது. சக்கரம் சுழன்றதும் 0, 180, 0, 37 என்று கண்டபடி எண்கள். வெட்டவெளியிலேயே வண்டி திரும்பித் திரும்பிச் சுற்றுகிறது. "சென்சார் போச்சு சித்தப்பா, வேற வாங்கணும்" என்றாள்.

மோட்டார் ஒயரைக் கழற்றினால் கோளாறே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சென்சாரே கெட்டிருந்தால் எப்போதும் தப்பாகத்தானே காட்டும்? மல்டிமீட்டரை சென்சாரின் விசிசி (மின்சாரம் வரும் கால்), கிரவுண்ட் கால்களில் வைத்தோம். பேட்டரியில் அளந்தால் இது பிடிபடாது, கால்களிலேயே அளக்க வேண்டும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், மோட்டார் கிளம்பியதும் 4-க்குக் கீழே போனது. சக்கரத்தைக் கையால் லேசாகப் பிடித்தால் இன்னும் இறங்கியது.

இந்த சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. அதன் எக்கோ கால் தரும் துடிப்பு எத்தனை மைக்ரோ செகண்ட் நீள்கிறதோ, அதை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். மின்சாரம் தடுமாறித் துடிப்பு வராமல் போனால் வண்டியை இயக்கும் ஆர்டுயினோ போர்டில் துடிப்பை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை 0 தரும். அதை நம் நிரல் 'மூக்குக்கு முன்னால் சுவர்' என்று எடுத்துக்கொள்கிறது!

மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்டை மட்டும் ஒன்றாக இணைத்தோம். சென்சாருக்குப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். நிரலில் 0 வந்தால் ஒதுக்கிவிட்டு, மூன்று அளவுகளில் நடுவில் உள்ளதை எடுக்கச் சொன்னோம். அதே பழைய சென்சார்தான், இப்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

*

எங்களுடையது கோட்டைப் பிடித்துப் போகும் ரோபோ. சாயங்காலம் அருமையாக ஓடும், காலையில் ஜன்னல் பக்கம் போனால் தடம் மாறிவிடும். கோட்டை அறியும் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பிப் பார்க்கிறது, வெயிலிலும் அதே ஒளி இருக்கிறதே! சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைப்பு கட்டி, தரைக்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில் இறக்கி, அதன் உணர்திறன் திருகை மறுபடி சரிசெய்ததும் தடம் மாறுவது நின்றது. சென்சாரின் அகச்சிவப்பு எல்இடி எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் போன் கேமராவில் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மின்னும். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் பாருங்கள்.

*

முதல் பதிவில் இருப்பதை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்கோ கால் 5 வோல்ட் தரும், பையின் உள்ளீட்டுக் கால் தாங்குவது 3.3 வோல்ட்தான். எக்கோ காலுக்கும் பையின் காலுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், பையின் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். சென்சார் கோளாறைத் தேடப் போய் போர்டை இழக்க வேண்டாம்.