கறுவா செல்லப்பிராணிகளுக்கு ஆகுமா? திருகோணமலை உவர்மலையில் கண்டவை

கறுவா நாய்க்கும் பூனைக்கும் நஞ்சா என்று திருகோணமலையில் செல்லப்பிராணி வளர்க்கும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பட்டையா, தூளா, எண்ணெயா என்று தெரியாமல் அதற்கு மறுமொழி சொல்ல முடியாது.

எங்கள் நாய் ஒருமுறை கழிவு வாளியைக் கவிழ்த்து, இறைச்சிக் கறியில் கிடந்த கறுவாத் துண்டொன்றை மென்று விழுங்கியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் அஞ்சியது அதே வாளியில் கிடந்த வெங்காயத்துக்கும் உள்ளிக்கும்தான். அவை நாய், பூனை இரண்டினதும் செங்குழியங்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். அறிகுறிகள் வெளிப்படச் சில நாட்கள் செல்லலாம் என்பதால் உடனே ஒன்றும் தெரியவில்லை என்று ஆறுதலடைய முடியாது. நல்லவேளையாக அவற்றை அது தொட்டிருக்கவில்லை.

நிலாவெளியில் இருக்கும் அக்காவின் நாய் கறுவாத் தூள் டின்னுக்குள் மூக்கை நுழைத்து, நெடுநேரம் தும்மியும் இருமியும் அவதிப்பட்டது. தூள் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதே கூடுதல் தொல்லை. இருமல் அடங்காமல் மூச்சு வாங்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எண்ணெயின் கதை வேறு. அயல் வீட்டில் எறும்பு வராதிருக்க வாசற்படியெங்கும் கறுவா இலை எண்ணெய் பூசியிருந்தார்கள். அதன் மேல் நடந்த பூனை வழக்கம்போல் பாதங்களை நக்கியது. சற்று நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுக, தலையை உதறிக்கொண்டு தள்ளாடத் தொடங்கியது. அந்த வீட்டு அம்மா உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்யலாமா என்று பதறினார். வேண்டாம் என்று தடுத்து, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு பாதங்களைக் கழுவித் துடைத்த பின், எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்றோம். வாந்தியெடுக்கும்போது எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கிவிடக்கூடும் என்றும், அதைச் செய்யாதது நல்லது என்றும் அவர் சொன்னார். பூனை தேறிவிட்டது. கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல் என்னும் பீனோல் வகைச் சேர்மம். அத்தகையவற்றை மாற்றி வெளியேற்றும் ஈரல் நொதியத்தின் செயற்பாடு பூனைகளில் மிகக் குறைவு. ஆகவே நாய் தாங்கியதைப் பூனையும் தாங்கும் என்று நம்பி எதையும் செய்யக்கூடாது. அறையில் ஆவியாக விடப்படும் வாசனை எண்ணெய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பட்டையிலும் இரண்டு வகை உண்டு. நமது இலங்கைக் கறுவா, மெல்லிய பல அடுக்குகளாகச் சுருட்டுப்போல் இருக்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, கடினமாக இருப்பது காசியா. அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும் கூமரின், காசியாவில் பன்மடங்கு கூடுதலாக உள்ளது. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று கேள்விப்பட்டு வயதான நாயின் சோற்றில் நாள்தோறும் தூள் கலப்பவர்கள், வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கறுவாவோடு ஒரே டப்பாவில் வைக்கப்படும் சாதிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள மிரிஸ்டிசின், அளவு கூடினால் நாய்க்கு நெஞ்சுப் படபடப்பையும் நிலைதடுமாற்றத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடியது. நத்தார் கேக்கில் சாதிக்காயோடு முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) சேர்கிறது. அந்த வற்றல் நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். கேக் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விருந்துக்கு வரும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.