போலோ ஜிடி டிஎஸ்ஐ: எந்த சைலன்சர்?

கேள்வி:
என்னுடையது 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 1.2 லிட்டர் டர்போ எஞ்சின். கார் பறக்கிறது, சத்தம் மட்டும் தையல் இயந்திரம் போல இருக்கிறது. குழாய்முனையும் துருவேறிவிட்டது. கனமான ஒலியும் பளிச்சென்ற முனையும் வேண்டும். தினமும் கோவையிலிருந்து திருப்பூர் போகிறேன். எதை மாற்றலாம்?

பதில் 1:
பின் சைலன்சரை மட்டும் மாற்றுங்கள், தம்பி. நான் நடுவில் இருக்கும், ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டரையும் எடுத்தேன். நகருக்குள் அருமையாக இருந்தது. நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது காருக்குள் ஓயாத ரீங்காரம்; சேலம் போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. மறுவாரமே திரும்பப் பொருத்தினேன். புகைக்காற்றில் சுழலும் டர்போவே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால் அலறலை எதிர்பார்க்க வேண்டாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆர்கான் வெல்டிங்: இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் 2:
புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டரில் கை வைக்கவே வேண்டாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், நச்சுப்புகை ஊரார் நுரையீரலுக்குப் போகும். சத்தம் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ரெசனேட்டர் இருக்கட்டும். பழைய சைலன்சரையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.