புஜாரா ஓய்வும் எங்கள் குடும்பக் குழுவும்

குழு: திருவல்லிக்கேணி வீடு
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

மோகன் சித்தப்பா: நம் இந்திய டெஸ்ட் மட்டையாளர் புஜாரா எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு அறிவித்துவிட்டார். 103 டெஸ்ட், 7,195 ரன், 19 சதம். இனி டெஸ்ட் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது?

மதன்: அவர் இரண்டு வருடமாக ஆடவே இல்லையே சித்தப்பா.

மோகன் சித்தப்பா: இந்தியாவுக்குத்தான் ஆடவில்லை. ரஞ்சிக் கோப்பையில் தன் ஊர் அணியான சௌராஷ்டிராவுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தார். 2024 ஜனவரியில் ஜார்க்கண்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 243. நீ ஐபிஎல் தவிர வேறு எதையாவது பார்த்தால்தானே தெரியும்!

மதன்: ஐபிஎல்லிலும் பார்த்தேனே. 2021இல் நம் சென்னை அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கோப்பையோடு வீடு திரும்பினார்.

கார்த்திகா: ஏலத்தில் அவரை எடுத்தபோது அரங்கமே கைதட்டியது. அந்த ஏலம் நடந்ததும் இங்கே சென்னையில்தான்.

வசந்தா அத்தை: நன்றாகத் தட்டினார்கள். பிறகு பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

பெரியப்பா: கோயில் பக்கம் யாராவது போனால் துளசி வாங்கி வரவும்.

கார்த்திகா: 2018-19 ஆஸ்திரேலியத் தொடர் என்றால் எல்லோரும் 521 ரன், மூன்று சதம் என்பார்கள். நான் 1,258 என்பேன். நான்கு டெஸ்டில் அவர் ஆடிய பந்துகள். ஏறக்குறைய 210 ஓவர், ஒரே ஆள்! அங்கே நாம் வென்ற முதல் தொடர் அது.

மோகன் சித்தப்பா: ராஞ்சி 2017ஐ விட்டுவிட்டாயே. 202 ரன்னுக்கு 525 பந்து.

மதன்: அதைப் பெருமையாகச் சொல்ல உங்களால்தான் முடியும்.

வசந்தா அத்தை: மதன், 2021 பிரிஸ்பேன் கடைசி நாளைப் பார்த்தாயா இல்லையா? ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் கம்மின்ஸும் ஹேசல்வுட்டும் ஹெல்மெட், தோள், விரல் என்று ஓரிடம் விடாமல் அடித்தார்கள். மனிதர் 211 பந்து நின்று 56 எடுத்தார். கேட்டால் எல்லோரும் ரிஷப் பந்த்தின் 89 என்கிறீர்கள். பந்த் விளாசிய நேரத்தில் அந்தப் பந்துவீச்சாளர்களின் கால்களில் தெம்பு மிச்சம் இருந்ததா? அதைக் கரைத்தது யார்?

மதன்: சரி அத்தை. ஆனால் அதே தொடரில் சிட்னியில் 176 பந்துக்கு 50. எதிர்முனையில் நின்றவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

வசந்தா அத்தை: சிட்னிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மதன்: 2021 பிப்ரவரியில் சித்தப்பா என்னை முகக்கவசத்தோடு சேப்பாக்கத்துக்கு இழுத்துப்போனது புஜாராவைப் பார்க்கத்தான். இறங்கி ஆடப்போய், திரும்பும்போது மட்டை தரையில் குத்தி நின்று ரன் அவுட். 7 ரன்!

மோகன் சித்தப்பா: அதே நாளில் அஸ்வின் 106 அடித்தார். டிக்கெட் காசு வீணாகவில்லை.

கார்த்திகா: அந்தத் தொடரில் புஜாரா ஒரு சுழற்பந்து வீச்சாளரைத் தூக்கி அடித்தால் பாதி மீசையை எடுத்துவிட்டு ஆட வருவேன் என்று அஸ்வின் சவால் விட்டிருந்தார் 😀

மதன்: முழு மீசையோடுதான் சதம் அடித்தார். நான் சாட்சி.

பெரியப்பா: வழியனுப்பு ஆட்டம் ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

கார்த்திகா: 2023இல் டெல்லியில் நடந்த நூறாவது டெஸ்டையே அப்படி வைத்துக்கொள்ளலாம் பெரியப்பா. முதல் இன்னிங்ஸில் 0. இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 31, வெற்றி ரன்னும் அவர் மட்டையிலிருந்துதான்.

மோகன் சித்தப்பா: அதோடு நின்றிருக்கலாம். அதே வருடம் லண்டன் ஓவலில் இந்தியாவுக்கு ஆடிய கடைசி இன்னிங்ஸில் 27 எடுத்துவிட்டு, கம்மின்ஸின் எகிறிய பந்தைக் கீப்பர் தலைக்கு மேல் தட்டப் பார்த்து அவுட். போயும் போயும் புஜாரா அந்த ஷாட்டையா ஆட வேண்டும்!

வசந்தா அத்தை: வருடக்கணக்காக விட்டுத்தள்ளிய பந்து. ஒரு தடவை ஆசைப்பட்டுவிட்டார், போகட்டும்.

பெரியப்பா: டிராவிட்டுக்குப் பிறகு இவர் கிடைத்தார். இப்போது மூன்றாவதாக மட்டை பிடிக்க இறங்கும் அந்த இடத்துக்கு நம் ஊர்ப் பையன் சாய் சுதர்சனை முயன்று பார்க்கிறார்கள். போன மாதம் மான்செஸ்டரில் 61.

வசந்தா அத்தை: எத்தனை பந்தில்?

கார்த்திகா: 151.

வசந்தா அத்தை: பையன் தேறுவான். மதன், நீ போய்ப் பெரியப்பாவுக்குத் துளசி வாங்கி வா.