கரடியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் தீருமா? மலைக்காரர்கள் வந்து பேசுங்கள்

கோத்தகிரி தேயிலைக்காரன்:

முதலில் எங்கள் சின்னம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், காலை ஆறேமுக்கால் இருக்கும். கொழுந்து பறிக்கக் கிளம்பும் முன் தண்ணீர் பைப்பைத் திருப்பிவிட்டு வரலாம் என்று தோட்டத்தில் இறங்கியிருக்கிறார். பனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பக்கத்துத் தோட்டம் நாலு வருஷமாகக் கவாத்து செய்யாமல், அதாவது செடியை வெட்டிவிடாமல் கிடக்கிறது, தேயிலைச் செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டது, அடியில் உண்ணிச்செடி பின்னிக்கொண்டு நிற்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு உறுமல் கேட்டதாம், திரும்புவதற்குள் கரடி எழுந்து நின்று முகத்தில் ஓர் அறை. நெற்றியிலிருந்து காது வரைக்கும் தலைத்தோல் உரிந்து தொங்கியது. மழைக்காகத் தலையில் மடித்துப் போட்டிருந்த சாக்கில் ஒரு நகம் மாட்டிக்கொண்டது, அதனால்தான் கண் தப்பியது. கரடியின் முதுகில் குட்டி உட்கார்ந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

42 தையல். கரடி கூண்டு வையுங்கள் என்று நாங்கள் மனு கொடுக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்தது, சத்துணவுக் கூடத்தில் புகுந்து பருப்பைக் கொட்டியது, அப்போதெல்லாம் பட்டாசு வெடித்து விரட்டிவிட்டுப் போனார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மனிதன் மேல் கை வைத்த கரடியைப் பிடித்து, தூரமாகக் கொண்டுபோய் விடுங்கள். கொல்லச் சொல்லவில்லை. இது தப்பா?

சோலைக்குருவி:

அண்ணா, சின்னம்மா சீக்கிரம் தேறி வரட்டும். நான் கூடலூர் பக்கம் ஏழு வருஷமாகக் காட்டுயிர் கணக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் இது ஏட்டுப் பேச்சு இல்லை.

தூரமாகக் கொண்டுபோய் விடுவது கேட்க நியாயமாக இருக்கும், நடந்த கதைகளைப் பாருங்கள். கூடலூரில் வீடு வீடாக உடைத்து அரிசி தின்ற பிஎம்-2 என்று பெயர் வைத்த மக்னா யானையை (தந்தம் இல்லாத ஆண் யானை) 2022 டிசம்பரில் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். அடுத்த மாதமே கேரளாவில் சுல்தான் பத்தேரி டவுன் ரோட்டில் நின்றது. அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் கேரளாவின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், ஒரு மாதத்தில் நம் தேனிப் பக்கம் கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. சரி, அதெல்லாம் யானை என்பீர்கள். கரடிக்கே வருகிறேன். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் சிவசைலத்தில் ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது, மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு காட்டில் விட்டார்கள், சில நாளில் செத்துக் கிடந்தது.

அப்புறம் இன்னொன்று. சின்னம்மாவை அடித்தது குட்டியோடு இருந்த தாய்க்கரடி. கரடிக்குக் கண்பார்வை மட்டம், காதும் சுமார்தான், மோப்பம் ஒன்றுதான் பலம். பனியில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நாம் பக்கத்தில் போய் நிற்கும் வரை அதற்குத் தெரியாது. தெரிந்ததும் ஓடாது, அடிக்கும். குட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரிகிற கரடி இது. அதைத் தூக்கிவிட்டால் அந்தப் புதருக்குள் ஆறு மாதத்தில் வேறொரு கரடி வந்து படுக்கும். புதர் அங்கேயே இருக்கிறதே! கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், ரேஷன் கடைப் பருப்பு, ரிசார்ட் எச்சில் இலை, கேரட் கழுவிக் கொட்டுகிற இடம், இதையெல்லாம் சரி செய்யாமல் கூண்டு வைப்பது வீண்.

நதியோரம்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். அடிப்படைக் கேள்வி ஒன்றை யாருமே கேட்கவில்லை. கரடி ஊருக்குள் வந்ததா, நாம் காட்டுக்குள் போனோமா? சோலையை அழித்துத் தேயிலை போட்டுவிட்டு, அங்கேயே வாழ்ந்த மிருகத்தைக் குற்றவாளியாக்குவது எனக்கு மனம் ஒப்பவில்லை. மனிதர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வர வேண்டும்.

கோத்தகிரி தேயிலைக்காரன்:

நதியோரம் சார், நாங்களாகப் போகவில்லை, கொண்டுவந்து விட்டார்கள். என் தாத்தா இலங்கையில் பதுளை பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது நீ இந்தியன், போ என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது, பிற்பாடு அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. என் அப்பா அங்கே முப்பது வருஷம் கூலி வேலை செய்து, சேர்த்து வைத்ததில் வாங்கியது இந்த முக்கால் ஏக்கர். இங்கிருந்தும் விலகு என்றால் எங்கே போவது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கரடிக்குக் காடு இருக்கிறது, எங்களுக்கு இந்த மலையை விட்டால் மண் கிடையாது.

சோலைக்குருவி, தம்பி, உனக்கும் பதில் இருக்கிறது. அரிக்கொம்பனைப் பற்றிப் பாதிக் கதைதான் சொன்னாய். கம்பத்துக்குள் வந்ததை ஜூனில் மறுபடி பிடித்துத் தெற்கே மேல் கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்களே, அதற்கப்புறம் கம்பம்காரர்கள் நிம்மதியாகத்தானே தூங்குகிறார்கள்? முதல் தடவை இடம் தப்பு, இரண்டாம் தடவை சரியாக அமைந்தது. அப்படியென்றால் சரியான இடம் பார்த்து விட்டால் முடியும் என்றுதானே அர்த்தம்?

சோலைக்குருவி:

கம்பத்துக்கு முடிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023 செப்டம்பரில் அதே அரிக்கொம்பன் திருநெல்வேலி மலையில் மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் வந்து நின்றதும் உண்மை. அங்கேயும் தேயிலை பறிக்கிற ஜனங்கள்தான் இருந்தார்கள். உங்கள் கரடியை இறக்கிவிடுகிற ஊரிலும் யாரோ ஒரு சின்னம்மா தண்ணீர் திருப்பப் போவார் அண்ணா, அவருக்கு அங்கே கரடி இருப்பதே தெரியாது. இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நதியோரம், நீங்கள் சொன்னதை நானும் ஏற்கவில்லை. ஜனங்களை இறக்கிவிட்டால் காடு திரும்பி வந்துவிடாது. உண்ணிச்செடிதான் வரும், விட்டுப்போன தோட்டங்களில் போய்ப் பாருங்கள்.

வால்பாறை லயத்துப் பெண்:

நான் வால்பாறையில் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள், அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில் ஒரு ஆள் விட்டுப்போகிறது.

2025 ஜூனில் இங்கே ஜார்க்கண்ட் குடும்பத்துச் சின்னப் பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளியின் மகன், 8 வயசுப் பையன், செத்துப்போனான். எல்லோரும் சிறுத்தை என்றுதான் சொன்னார்கள், ஊர் முழுக்க அதே பேச்சு. உடலைப் பரிசோதித்த பிறகுதான் அடித்தது கரடி என்று தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் வெளி மாநிலத்துப் பிள்ளைகள். யோசித்துப் பாருங்கள், ஏன் அவர்கள்? எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்கு எந்த ஓடையில் யானை தண்ணீர் குடிக்கும், எந்தப் பாறைப் பக்கம் கரடி குட்டி போடும் என்று அத்துப்படி. கூடையை இறக்கும் முன் இரண்டு தடவை சத்தம் கொடுப்பார்கள், குச்சியால் செடியைத் தட்டுவார்கள். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது, பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அந்த வேலைக்கு ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்களிடம் இதையெல்லாம் யார் சொன்னது? போர்டு வைக்கிறார்கள், தமிழில். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது.

மாலை ஆறரைக்கு மேல் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய லயங்கள் இன்னும் இருக்கின்றன. லைட் எரியாது. போன வருஷம் எங்கள் லயத்தில் பல்பு போனபோது மாற்றுவதற்கு 19 நாள் ஆனது, நான் எண்ணினேன். நீங்கள் கூண்டா புதரா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு முதலில் அந்த பல்பு வேண்டும்.

ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். 2011லிருந்து இங்கே யானை எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குத் தகவல் வருகிறது, கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு மின்னும். அதை ஆரம்பித்த காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015ல் வனஉயிர் பாதுகாப்புக்கான விட்லி விருதுகூடக் கிடைத்தது. அம்மா ரோட்டில் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு பஸ்சிலிருந்து இறங்காமல் அடுத்த ஸ்டாப் போனது எத்தனையோ தடவை. இடம் மாற்றாமலே யானையோடு வாழ வழி கண்டுபிடித்த ஊர் இது.

கோத்தகிரி தேயிலைக்காரன்:

தங்கச்சி, யானைக்கு அது சரி. ஒரு கூட்டம் எங்கே நிற்கிறது என்று பத்து பேர் பார்த்துச் சொல்ல முடியும். கரடி தனியாகத் திரியும், செடிக்கடியில் படுத்தால் ஐந்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. கரடிக்கு எந்த விளக்கை மின்ன வைப்பது?

கடையம் மாடசாமி மகன்:

இவ்வளவு பேச்சு வேண்டாம். சிவசைலம் எங்கள் பக்கத்து ஊர். அன்றைக்குக் காப்பாற்றப் போனவர்களையும் சேர்த்துத்தான் கடித்தது. அந்த முகங்களைப் பார்த்தவன் யாரும் கரடிக்காகப் பேச மாட்டான். ஆளைக் கடித்தால் சுட வேண்டும். புலிக்கும் அதேதான்.

சோலைக்குருவி:

கடையம் சார், உங்கள் கோபம் புரிகிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 1972 வனஉயிரினச் சட்டம் பிரிவு 11ல், மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளர் முடிவு செய்தால் சுட உத்தரவிடலாம். ஆனால் இதே மலையில் 2021ல் டி23 என்று எண் கொடுத்திருந்த, ஆளைக் கொன்ற புலியையே கொல்லாமல் பிடித்தார்கள், மசினகுடி பக்கம் மூன்று வாரம் அலைந்து. அதோடு, பயந்துபோய் அடித்த தாய்க்கரடியையும் ஆளைத் தேடிவந்து அடிக்கிற மிருகத்தையும் ஒன்றாக வைக்க முடியாது.

கோத்தகிரி அண்ணா கேட்டதற்கு வருகிறேன். கரடி இருக்கும் இடம் தெரியாதுதான், ஆனால் கரடி வரும் இடம் தெரியும். எண்ணெய் வாசனை, பலாப்பழம், நாவல் மரம், கரையான் புற்று. நாவல் பழுக்கும் காலத்தில் கரடி எச்சத்தைப் பாருங்கள், கொட்டையாகவே கிடக்கும். புற்றைத் தோண்டினால் கரையானை உறிஞ்சும் சத்தம் நூறு அடிக்கு அப்பாலும் கேட்கும். ஏழரைக்கு முன் தோட்டத்தில் இறங்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள், சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள். நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம். அது கரடியைச் சீண்டிவிட்டு நம்மிடம்தான் ஓடிவரும், கரடியும் கூடவே வரும். மீறி அடித்துவிட்டால் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும், முகத்தை மட்டும் கொடுக்கக் கூடாது.

கோத்தகிரி தேயிலைக்காரன்:

ஏழரைக்கு முன் இறங்காதே என்று எளிதாகச் சொல்லிவிட்டாய் தம்பி. எங்கள் பக்கம் வண்டி பத்தரைக்கு வந்து இலை எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்குள் பறித்ததுதான் காசு. பச்சை இலைக்குக் கிலோவுக்கு இருபது ரூபாயைச் சுற்றியே விலை நிற்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் ஏன் கவாத்து செய்யவில்லை தெரியுமா? கவாத்துக் கூலிகூட இலையில் கட்டுப்படி ஆகவில்லை. போட்டுவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அந்தத் தோட்டத்தில்தான் கரடி குட்டி போட்டது. இலை விலை நன்றாக இருந்த காலத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு செடி இருக்காது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆள் தலை தெரியும். கரடி வந்தது, போனது, படுக்க இடமில்லை.

செத்துப்போனால் 10 லட்சம் கொடுக்கிறார்கள், அதை யாரும் குறை சொல்லவில்லை. அதில் சின்னப் பங்கைக் கொடுத்து, விட்டுப்போன தோட்டங்களை வருஷம் ஒரு தடவை வெட்டிவிட்டால் அந்தப் பணமே கொடுக்க வேண்டியிருக்காது. இதைத்தான் புதர் புதர் என்று நீ சொன்னாய், ஆனால் யார் காசில் என்று சொல்லவில்லை.

சோலைக்குருவி:

நான் சொல்லாமல் விட்டது தப்புதான் அண்ணா. இலை விலைக்கும் கரடிக்கும் இப்படி ஒரு முடிச்சு இருப்பதை நான் யோசித்ததே இல்லை. நூறு நாள் வேலை ஆட்களை வைத்துத் தோட்ட ஓரத்தை வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்க முடியாதா?

வால்பாறை லயத்துப் பெண்:

கேட்டுப் பாருங்கள், தனியார் பட்டா நிலம், செய்ய முடியாது என்று சொல்வார்கள். எங்கள் பக்கம் எஸ்டேட் நிர்வாகமே செய்ய வேண்டும், கேட்டால் ஆள் இல்லை என்கிறது. ஆனாலும் எழுதிக் கொடுங்கள் அண்ணா, எழுத்தில் இருந்தால்தான் நாளைக்குப் பேச முடியும். சின்னம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

கோத்தகிரி தேயிலைக்காரன்:

தையல் பிரித்தாயிற்று. வலது பக்கம் மென்று சாப்பிட முடியவில்லை, கஞ்சிதான். தோட்டப் பக்கம் போக மாட்டேன் என்கிறார். வாசலில் உட்கார்ந்து அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோயில் எண்ணெயைப் பூசாரி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போக ஒத்துக்கொண்டார், மூன்று வாரமாகக் கதவுப் பக்கம் கால்தடம் இல்லை. தம்பி சொன்னதில் இது நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் திருப்பூர் போய்ப் பக்கத்துத் தோட்டக்காரரைப் பார்க்கப் போகிறோம். வெட்டும் கூலியில் பாதியை எங்கள் தெரு போட்டுக்கொள்கிறது, அவர் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

கூண்டு மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. அந்தக் கரடி இன்னும் அங்கேதான் இருக்கிறது, நேற்று ராத்திரியும் சத்தம் கேட்டது.