ஐந்து பேண்டுக்கும் ஒரே டியூனபிள் ஃபில்டரா, பேண்டுக்கு ஒன்றா?

கானாடுகாத்தான் டயல்
நண்பர்களே, ஒரு ரிசீவர் கட்டிக்கொண்டிருக்கிறேன். மீடியம் வேவ், 40, 20, 15, 10 மீட்டர் என்று ஐந்து பேண்ட். நெட்டில் கிடைக்கிற டிசைன் எல்லாவற்றிலும் ஆண்டெனாவுக்கு அடுத்து வேண்டிய அலைவெண்ணை மட்டும் விடுகிற ஃபில்டர் பேண்டுக்கு ஒன்று, அதை மாற்றி இணைக்க ஃபில்டருக்கு இரண்டு ரிலே, ரிலேவை ஓட்ட டிரான்சிஸ்டர் என்று பாதி போர்டு அதற்கே போய்விடுகிறது. அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வோல்டேஜுக்கு ஏற்பக் கெபாசிட்டன்ஸ் மாறுகிற வராக்டர் டயோடு போட்ட ஒரே டியூனபிள் ஃபில்டர் வைக்கப் போகிறேன். டயலைத் திருப்பினால் மைக்ரோகண்ட்ரோலர் ஆசிலேட்டரையும் நகர்த்தும், ஃபில்டருக்கு வேண்டிய வோல்டேஜையும் கொடுக்கும். ஐஎஃப், அதாவது வருகிற சிக்னலை மிக்சரில் ஆசிலேட்டரோடு கலந்து மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவெண், வழக்கமான 455 கிலோஹெர்ட்ஸ்தான். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

தேவகோட்டை ரிலே
நான் சொல்கிறேன். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த டியூன்டு சர்க்யூட்டில் அலைவெண் நாலு மடங்கு ஏற வேண்டுமென்றால் கெபாசிட்டன்ஸ் பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து 28 வரை என்றால் அதுதான் கணக்கு. காயிலின் சொந்தக் கெபாசிட்டன்ஸ், போர்டில் ஒட்டியிருப்பது எல்லாம் சேர்ந்த பிறகு வராக்டரிடம் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், மீடியம் வேவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்போது காயிலை மாற்றியாக வேண்டும். எதை வைத்து மாற்றுவீர்கள்? ரிலே! முகப்பில் துரத்தியது பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது.

அப்புறம் இமேஜ், அதாவது ஆசிலேட்டருக்கு மறுபக்கம் அதே தூரத்தில் நின்று ஐஎஃபுக்குள் புகுந்துவிடுகிற வேறு ஸ்டேஷன். 455 ஐஎஃப் என்றால் வேண்டாத ஸ்டேஷன் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். க்யூ (கூர்மை) 50 உள்ள ஒற்றை சர்க்யூட்டைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸில் இமேஜ் சுமார் 37 டெசிபல் குறையும், நல்ல விஷயம். 7.1-இல் 22. 28.5-இல் வெறும் 10. பத்து மீட்டரில் எது நிஜ ஸ்டேஷன், எது இமேஜ் என்றே உங்களுக்குத் தெரியாது.

கானாடுகாத்தான் டயல்
அண்ணே, காயிலுக்கு மூன்று ரிலே போதும், பத்து வேண்டாம். பத்து எங்கே, மூன்று எங்கே? இமேஜுக்கு இரண்டு சர்க்யூட் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கழனிவாசல் மெக்கானிக்
இரண்டு சர்க்யூட் அடுத்தடுத்து என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், இரண்டும் சேர்ந்து நகர வேண்டும், கூடவே ஆசிலேட்டர் 455 மேலேயே நின்று ஓட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் வால்வு ரேடியோ கிடக்கும், ஒன்றைத் திறந்து, ஒரே அச்சில் பல கெபாசிட்டர் சேர்ந்து சுழல்கிற கேங் கண்டன்சரைப் பாருங்கள். சுழல்கிற தகடுகளில் வெளியே இருப்பது மட்டும் ஆரம் ஆரமாகக் கீறி விட்டிருக்கும். அது உடைசல் இல்லை. டயலைக் கொஞ்சம் திருப்பி, அந்த இடத்தில் உள்ளே நுழைகிற துண்டை மட்டும் மயிரிழை அளவு வளைத்து, மறுபடி திருப்பி, அடுத்த துண்டு என்று ஒவ்வொன்றாகச் சரி செய்வார்கள். அதற்கு மேல் டிரிம்மர், பேடர் என்ற திருத்தக் கெபாசிட்டர்கள் வேறு. டியூனபிள் ஃபில்டர் புதுச் சரக்கு இல்லை, நம் வீட்டு ரேடியோ எல்லாமே அதுதான். தொல்லையே டிராக்கிங்தான், எல்லாம் சேர்ந்து நகர்வதுதான்.

கானாடுகாத்தான் டயல்
நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்! அந்தத் தகட்டை வளைக்கிற வேலையை இப்போது மெமரியில் ஓர் அட்டவணை செய்துவிடும். நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியை மாட்டி, இந்த அலைவெண்ணுக்கு இந்த வோல்டேஜ் என்று இரண்டு சர்க்யூட்டுக்கும் தனித்தனியாக எழுதி வைத்தால் முடிந்தது. ஃபிக்ஸ்டு ஃபில்டரில் இருபது டோராய்டு (வளையக் காயில்) சுற்றி ஒவ்வொன்றையும் நெருக்கி விலக்கி அலைன் செய்கிற பாடு எனக்கு இல்லை.

தேவகோட்டை ரிலே
டிராக்கிங்கை விடுங்கள், அது சாஃப்ட்வேர் சங்கதி, ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் நான் சொல்வதற்கு அட்டவணை உதவாது. வராக்டரின் கெபாசிட்டன்ஸை மாற்றுவது வோல்டேஜ். ஆண்டெனாவில் வருகிற சிக்னலும் வோல்டேஜ்தானே? பலமான ஸ்டேஷன் வந்தால் அதுவே டயோடை ஆட்டும், ஃபில்டரே சிக்னல்களைக் கலக்கிப் புதியவற்றை உண்டாக்கும் மிக்சராகிவிடும். ராத்திரி 40 மீட்டரைக் கேட்டுப் பாருங்கள். ஹாம்களான (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களான) நமக்கு 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை, அதற்கு மேலே 7450 வரை ஒலிபரப்பு நிலையங்கள் இரைந்துகொண்டிருக்கும். 7300-இல் ஒன்று, 7450-இல் ஒன்று என்று வையுங்கள். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 7150. உங்கள் பேண்டுக்கு நடுவில், யாருமே அனுப்பாத ஒரு சத்தம். க்யூ 50 சர்க்யூட்டை 7150-இல் வைத்தால் 7300-ஐ அது 7 டெசிபல்தான் குறைக்கும், ஆகவே வில்லன்கள் இரண்டு பேரும் டயோடு வரை தாராளமாக வந்துவிடுவார்கள். ஃபிக்ஸ்டு ஃபில்டரும் 7300-ஐப் பெரிதாகத் தடுக்காது, ஆனால் தன் பங்குக்குப் புதிதாக எதையும் பெற்றுப் போடாது.

கானாடுகாத்தான் டயல்
இரண்டு டயோடை எதிரெதிராக வைத்தால் குறையுமே.

தேவகோட்டை ரிலே
குறையும். போகாது.

இசிஇ மூன்றாம் வருடம்
அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வராக்டரே இல்லாமல் டியூன் செய்யலாமே? நாலு கெபாசிட்டரை ஸ்விட்ச் வழியாகச் சுழற்சியாக மாற்றி மாற்றி இணைத்தால், சுழற்சி எந்த அலைவெண்ணில் ஓடுகிறதோ அங்கே பேண்ட்பாஸ், அதாவது வழிவிடுகிற பட்டை, உண்டாகும். என்-பாத் ஃபில்டர். 1960-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ராங்க்ஸும் சாண்ட்பெர்கும் எழுதிவிட்டார்கள், சிப்பில் நல்ல ஸ்விட்ச் மலிவானதும் 2010 வாக்கில் மறுபடி எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஹாம்கள் ரிசீவரில் டேலோ டிடெக்டர் என்று கட்டுவதும் அதற்கு உறவுதான். பேண்ட் அகலம் ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் பொறுத்தது, எங்கே டியூன் செய்தாலும் அகலம் மாறாது. சுழற்சியை ஓட்டுகிற கிளாக்கை மாற்றினால் போதும், காயிலே கிடையாது.

தேவகோட்டை ரிலே
நல்ல பிள்ளை, படித்திருக்கிறாய். சரி, 7.1-இல் கிளாக் ஓடும்போது 21.3-இல் என்ன நடக்கும்?

இசிஇ மூன்றாம் வருடம்
மூன்றாம் ஹார்மோனிக், மூன்று மடங்கு அலைவெண்... அதுவும் உள்ளே வரும். சுமார் 9.5 டெசிபல்தான் குறைந்து.

தேவகோட்டை ரிலே
21.3 என்பது நம் 15 மீட்டர் பேண்டுக்குள்ளேயே விழுகிறது. அதைத் தடுக்க முன்னாடி, உயர்ந்த அலைவெண்களை வெட்டுகிற ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும், 15 மீட்டர் கேட்கும்போது அதை மாற்ற வேண்டும். மறுபடி ரிலே!

பள்ளத்தூர் டவர்
நான் மொபைல் டவர் வேலை பார்க்கிறவன். டியூனபிள் ஃபில்டர் வந்தால் போனில் இருக்கிற ஃபில்டர் கூட்டமெல்லாம் ஒன்றாகிவிடும் என்று நான் படிக்கும் காலத்திலிருந்து சொல்கிறார்கள். இன்றைக்கும் போனைத் திறந்தால் பேண்டுக்குப் பேண்ட் தனி அக்கூஸ்டிக் (ஒலி அதிர்வில் இயங்குகிற) ஃபில்டர்தான். பேண்ட் 8-இல் போன் 880 முதல் 915 வரை அனுப்பும், 925 முதல் 960 வரை கேட்கும், இடைவெளி 10 மெகாஹெர்ட்ஸ். தன் குரலே தன் காதை அடைக்காமல் இருக்க வேண்டும். பேண்ட் 40 2400-இல் முடிகிறது, வைஃபை அங்கேயே தொடங்குகிறது. இப்படிச் செங்குத்தாக வெட்ட க்யூ ஆயிரத்துக்கு மேல் வேண்டும், காயிலும் வராக்டரும் எங்கே போகும்? டியூனபிள் என்று போனில் நிலைத்தது ஆண்டெனா டியூனர் பக்கம்தான். முழு வீச்சும் நகர்ந்து க்யூவும் தருவது ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இருக்கிற யிக் ஃபில்டர். ஒரு குட்டிக் கார்னெட் கோளத்தைக் காந்தப்புலத்தால் நகர்த்துவது. ஆனால் அது கிகாஹெர்ட்ஸ் சாதனம், கரன்ட் தின்னும், விலையும் நமக்குக் கட்டாது.

கானாடுகாத்தான் டயல்
போன் வேறு, நம் ரிசீவர் வேறு சார். எனக்கு ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டே கேட்கிற வேலை இல்லை.

தேவகோட்டை ரிலே
உங்கள் வியாதி ஃபில்டரில் இல்லை, 455-இல் இருக்கிறது. முதல் ஐஎஃபை 45 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். 7.1 கேட்கும்போது ஆசிலேட்டர் 52.1, இமேஜ் 97.1, அதாவது எஃப்எம் பேண்டில். 30-இல் வெட்டுகிற ஒரே லோ-பாஸ் எல்லா பேண்டுக்கும் இமேஜைத் தீர்த்துவிடும். நகரவே வேண்டாம்.

கானாடுகாத்தான் டயல்
இமேஜ் தீரும். ஆனால் மீடியம் வேவிலிருந்து 30 வரை எல்லாம் ஒன்றாக மிக்சரில் கொட்டுமே. எங்கள் வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை போகிறது, 40 மீட்டர் பேண்டின் டைபோல் ஆண்டெனாவுக்கு வேண்டிய 20 மீட்டர் நீளம் வளவுக்கு மேலேயே கிடைத்துவிட்டது, அவ்வளவு கம்பியில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? அதை மிக்சருக்கு முன்னாலேயே தள்ளி நிறுத்த ஏதாவது வேண்டும்.

கழனிவாசல் மெக்கானிக்
அதற்குக் கெபாசிட்டரை ரிலேயில் மாற்றுங்கள். 10, 20, 40, 80 பிகோஃபாரட் என்று இரட்டித்துக்கொண்டே எட்டுக் கெபாசிட்டர், எட்டு ரிலே, 256 படி கிடைக்கும். நல்ல மைக்கா போட்டால் டயோடின் கோளாறு எதுவும் வராது. டியூனபிளும் ஆச்சு, உங்கள் அட்டவணையும் வீண் போகாது.

தேவகோட்டை ரிலே
என் பத்து ரிலே அதிகம், இவர் எட்டு ரிலே சரியா? காயிலுக்கு மூன்று சேர்த்தால் பதினொன்று!

கானாடுகாத்தான் டயல்
45 ஐஎஃப் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். முன்னாடி ஒற்றை டியூனபிள் சர்க்யூட், அதை வராக்டரிலும் செய்கிறேன், மெக்கானிக் அண்ணன் சொன்ன ரிலே முறையிலும் செய்கிறேன். 7300, 7450 இரண்டு சிக்னலையும் கொடுத்து 7150-இல் என்ன முளைக்கிறது என்று அளந்து போடுகிறேன். ஆனால் என்னிடம் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது.

தேவகோட்டை ரிலே
இரண்டாவது என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். இரண்டையும் சேர்க்கிற கம்பைனரை நீங்கள் செய்து வையுங்கள், அதிலும் டயோடு எதையும் சொருகிவிடாதீர்கள்.